எதிரணி பெஞ்சிலிருந்து ஒரு கால்பந்து முன்னோட்டம்

சனிக்கிழமை மாலை ஆட்டம் என்றால், பாளையங்கோட்டை டீக்கடைப் பெஞ்சுகளில் அந்த ஆட்டம் வெள்ளிக்கிழமை இரவே ஒருமுறை ஆடி முடிக்கப்பட்டுவிடும். சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டை போட்ட ஒருவர், "நம்ம பயலுவ மூணு கோல் போட்டுருவானுவ, பாரும் அண்ணாச்சி" என்பார். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிற, கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டையை விடாத அந்த அண்ணாச்சி, "பாப்போம், பாப்போம்" என்று டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். திருநெல்வேலிச் சீமையில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு கட்சியும் பழக்கந்தான். சென்னை நமக்கு ஓர் இரவு ரயில் தூரம், திருவனந்தபுரமோ காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் தூரம். ஆனால் அந்தப் பெஞ்சுப் பேச்சில் ஒரு குறை உண்டு. இருவரும் தத்தம் அணி என்ன செய்யும் என்பதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். எதிரே நிற்பவன் என்ன நினைத்துக்கொண்டு வருகிறான் என்பதை இருவரில் ஒருவரும் கேட்பதில்லை.

ஓர் ஆட்டம் நடப்பதற்கு முன்னால், அது எப்படிப் போகக்கூடும் என்று அலசி எழுதுவதை முன்னோட்டம் என்கிறோம். எதிரணிப் பார்வையிலான முன்னோட்டம் என்பது, அதே அலசலை எதிரணிப் பயிற்சியாளரின் பெஞ்சில் உட்கார்ந்து செய்வதாகும். பலரும் இதை எதிரணியின் நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றி நான்கு வரி எழுதுவது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது கல்யாண வீட்டு விருந்தினர் பட்டியலே தவிர முன்னோட்டம் ஆகாது. அவர்கள் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அவர்கள் நம்மிடம் எதைக் கண்டு பயப்படுகிறார்கள், நம்முடைய எந்த இடத்தில் நுழையப் பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் உழைப்பு தேவைப்படுகிறது.

இதை எனக்கு உறைக்கும்படி சொன்னவர், பள்ளியில் எங்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார். நான் பதினோராம் வகுப்பில் படித்தபோது, ஓர் இறுதி ஆட்டத்தில் எங்களோடு மோதவிருந்த அணியின் அரையிறுதியைப் பார்த்துவரும்படி, ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து என்னை வ.உ.சி. மைதானத்துக்கு அனுப்பினார். வெயிலில் காய்ந்து, முக்கால் பக்கம் எழுதிக்கொண்டு திரும்பினேன். முதல் வரி, "ஏழாம் நம்பர் ரொம்ப வேகமாக ஓடுகிறான்" என்பது. வாத்தியார் நோட்டை வாங்கிப் படித்துவிட்டு, "ஏலே, அவன் ஓடுதாம்னு மைதானத்துல முறுக்கு விக்கவனுக்கும் தெரியும். அவன் ஓட ஆரம்பிக்கதுக்கு முன்னால பந்து யார் கால்ல கெடந்துச்சு? அதச் சொல்லு" என்றார். என்னால் சொல்ல முடியவில்லை. பந்து அவனிடம் வந்து சேர்ந்த பிறகுதான் நான் அவனைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அதற்கு முந்தைய ஐந்து விநாடிகள் என் நோட்டில் இல்லை. முன்னோட்டத்துக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் அந்த ஐந்து விநாடிகளில்தான் கிடக்கிறது.

எழுத உட்காருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எளிய செய்தி ஒன்று உண்டு: எதிரணிக்கு இந்த ஆட்டத்திலிருந்து என்ன வேண்டும்? லீக் போட்டியில் வென்றால் மூன்று புள்ளி, டிரா என்றால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை. புள்ளிப் பட்டியலில் வசதியான இடத்தில் இருக்கிற, நம் ஊருக்கு வந்து ஆடுகிற ஓர் அணிக்கு ஒரு புள்ளியே போதுமானதாக இருக்கலாம். அப்படியானால் அவர்களுடைய கோல்கீப்பர் இருபதாவது நிமிடத்திலேயே கோல் கிக் அடிக்க நேரம் எடுத்துக்கொள்வதையும், த்ரோ எறிய வேண்டிய ஆள் பந்தைத் துடைத்துக்கொண்டே நிற்பதையும் கண்டு நாம் எரிச்சல்படத் தேவையில்லை. அவர்கள் வந்த காரியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வென்றே தீர வேண்டிய அணியாக இருந்தால், கடைசி இருபது நிமிடத்தில் அவர்களுடைய பின்களத்தில் ஆள் குறையும் என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம்.

அடுத்தது அணியின் வடிவம். ஆட்டம் தொடங்கும் முன் தொலைக்காட்சியில் 4-3-3 என்றோ 4-2-3-1 என்றோ காட்டுவார்கள். கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பின்களத்திலிருந்து முன்களம் நோக்கி ஆட்களை எண்ணிக்கொண்டு போனால் கிடைக்கும் கணக்கு அது. புதிதாக எழுதுகிறவர்கள் இந்த எண்களை எழுதியவுடன் வடிவத்தைப் பற்றிச் சொல்லிவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ஓர் அணிக்குக் குறைந்தது இரண்டு வடிவம் உண்டு: பந்து தன்னிடம் இருக்கும்போது ஒன்று, பறிபோன பிறகு ஒன்று. 4-3-3 என்று இறங்கிய அணியின் இரண்டு விங்கர்களும், அதாவது முன்களத்தின் இரு ஓரங்களிலும் ஆடுகிறவர்களும், பந்து போனவுடன் நடுக்களத்துக்கு இறங்கி வந்தால், அது 4-5-1 ஆகிவிடுகிறது. முன்னால் ஒற்றை ஆள்தான் மிச்சம். ஆகவே முன்னோட்டம் எழுதுகிறவர் ஒரு தாளில் இரண்டு படம் வரைந்துகொள்ள வேண்டும். முதல் படத்திலிருந்து இரண்டாவது படத்துக்கு அவர்கள் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது, போகிற வழியில் யார் பிந்துகிறார் என்பதைப் பார்த்துவிட்டால், வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பந்து கைமாறும் அந்தக் கணத்தில், தாக்குவதற்காக ஏறிப்போன வலது பேக் (வலப்பக்கப் பின்களக்காரர்) இன்னும் திரும்பியிருக்க மாட்டார். அவர் விட்டுப்போன இடந்தான் எதிரணியின் நோட்டில் வட்டமிடப்பட்டிருக்கும்.

இனி ஓர் உண்மையான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) இறுதி ஆட்டம், பெங்களூரு எஃப்.சி.க்கும் சென்னையின் எஃப்.சி.க்கும். லீக் சுற்றின் 18 ஆட்டங்களில் பெங்களூரு 40 புள்ளி எடுத்து முதலிடத்தில் இருந்தது. சென்னை 32 புள்ளியோடு இரண்டாமிடம். சொந்த மைதானம், சொந்தக் கூட்டம், சுனில் சேத்ரி. நம் டீக்கடையில் நீலச் சட்டைக்காரரே அன்று கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பார்.

பெங்களூருக்காரர் ஒருவர் அந்த ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எதிரணி சென்னை. அவர் தம்முடைய 40 புள்ளியைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் அது வாழ்த்துமடலாகிவிடும். சென்னையின் பெஞ்சுக்கு அவர் இடம் மாறினால் என்ன தெரியும்? அந்த சீசனில் இரு அணிகளும் ஏற்கெனவே இரண்டு முறை மோதியிருந்தன. 2017 டிசம்பரில் இதே கண்டீரவாவில் சென்னை 2-1 என்று வென்றது. ஆட்டம் முடிகிற நேரத்தில் வெற்றி கோலை அடித்தவர் தமிழ்நாட்டு நடுக்கள ஆட்டக்காரர் தனபால் கணேஷ். 2018 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ஆட்டத்தில் பெங்களூரு 3-1 என்று வென்றது. ஆக, சென்னையின் பெஞ்சில் இருப்பவருக்கு அந்த மைதானம் பயமுறுத்தும் இடமாகத் தெரிந்திருக்காது. தாம் ஏற்கெனவே வென்று வந்த இடமாகத்தான் தெரிந்திருக்கும். பெங்களூரு அதே காலத்தில் ஆசிய அளவிலான ஏ.எஃப்.சி. கோப்பை ஆட்டங்களையும் ஆடிக்கொண்டிருந்தது என்பதும், அந்தக் கால்களில் கூடுதல் ஓட்டம் சேர்ந்திருக்கிறது என்பதும் சென்னையின் கணக்கில் வந்திருக்கும்.

ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி ஒரு கோல் போட்டார், மைதானம் இரண்டுபட்டது. அதற்குப் பிறகுதான் முன்னோட்டக்காரர் கவனிக்க வேண்டிய பாடம். சென்னையின் பிரேசில்கார ஸ்டாப்பர் (பின்களத்தின் நடுவில் நிற்பவர்) மெயில்சன் ஆல்வஸ், 17-ஆவது நிமிடத்தில் ஒன்றும் 45-ஆவது நிமிடத்தில் ஒன்றுமாக இரண்டு கோல்களைத் தலையால் முட்டிப் போட்டார். இரண்டும் கார்னரிலிருந்து வந்தவை. கோல் போடுகிறவர்கள் என்று நாம் எழுதி வைக்கும் பட்டியலில் ஒரு பின்களக்காரரின் பெயர் எப்போதாவது இருக்கிறதா? 67-ஆவது நிமிடத்தில் சென்னையின் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது கோலைப் போட, கடைசியில் பெங்களூருவின் மீக்கு ஒன்றைத் திருப்பினார்; 3-2 என்று கோப்பை சென்னைக்கு வந்தது. பந்தோட்டத்தில் தன்னைவிட வலுவான ஓர் அணியை அதன் சொந்த ஊரில் சந்திக்கப் போகிறவர்கள், ஆட்டம் நின்று தொடங்கும் இடங்களில், அதாவது கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும், கண் வைப்பார்கள். அங்கே எதிராளியின் வேகம் செல்லாது. யார் எங்கே நிற்பது, யார் யாரைப் பிடிப்பது, யார் முதலில் எழும்புவது என்பதே செல்லும். எதிரணியை எழுதும்போது "கார்னருக்கு ஏறி வருகிறவர்கள் யார் யார்" என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பயம் என்று மேலே சொன்னேனே, அதை விளக்க இன்னோர் ஆட்டம் வேண்டும். 2022 நவம்பர் 22 அன்று, உலகக் கோப்பையில், கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் சவூதி அரேபியாவும் மோதின. அர்ஜென்டினா அதுவரை தொடர்ந்து 36 ஆட்டங்களில் தோற்காமல் வந்திருந்தது. சவூதி அணியின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள்: மிகப்பெரிய பயம் என்ன? மெஸ்ஸி நம் பெனால்டி ஏரியாவுக்குப் பக்கத்தில் பந்தோடு நிற்பது. சாதாரணமாகச் சிறிய அணிகள் இதற்குச் செய்யும் வைத்தியம், பதினொரு பேரும் பின்னால் போய்க் கோல் முன்னால் கூட்டமாக நிற்பது. அதில் ஒரு சிக்கல், தொண்ணூறு நிமிடமும் மெஸ்ஸி ஏரியாவின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார். சவூதியின் பயிற்சியாளர் எர்வே ரெனார் நேர்மாறாகச் செய்தார். பின்கள வரிசையைக் கோலிலிருந்து வெகுதூரம் முன்னால், நடுக்கோட்டை நோக்கி ஏற்றி நிறுத்தினார்.

அங்கே ஆஃப்சைடு விதி வேலை செய்கிறது. பாஸ் கொடுக்கப்படும் கணத்தில், எதிரணியின் பாதி மைதானத்தில் நிற்கும் தாக்குதல்காரர் பந்தையும், எதிரணியின் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளையும் தாண்டிக் கோல் பக்கம் நின்றிருந்து, பிறகு ஆட்டத்தில் கலந்துகொண்டால் அது ஆஃப்சைடு. பெரும்பாலும் கடைசி ஆள் கோல்கீப்பர். ஆகவே பின்களத்தின் கடைசி ஆள்தான் கோடாகிறார். பின்கள வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தால், அவர்களுக்குப் பின்னால் ஓடத் தயாராக நின்றவர் அகப்பட்டுக்கொள்வார். பத்தாவது நிமிடத்தில் மெஸ்ஸி பெனால்டியில் ஒரு கோல் போட்டார் என்பது உண்மை. ஆனால் அதே முதல் பாதியில் அர்ஜென்டினா வலைக்குள் அனுப்பிய இன்னும் மூன்று பந்துகள் ஆஃப்சைடு என்று கழிக்கப்பட்டன. இடைவேளைக்குப் பிறகு 48-ஆவது நிமிடத்தில் அல் ஷெஹ்ரியும் 53-ஆவது நிமிடத்தில் அல் தவ்சாரியும் கோல் போட, 2-1 என்று சவூதி வென்றது. இந்த முறைக்கு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வரிசைக்குப் பின்னால் கிடக்கும் பெரிய வெற்றிடத்தில் ஒரு நொடி பிசகினாலும் எதிராளி தனியாக ஓடிப்போய்விடுவார். அடுத்த இரண்டு ஆட்டங்களில் போலந்திடமும் மெக்சிகோவிடமும் சவூதி தோற்று வெளியேறியது. அர்ஜென்டினா கோப்பையோடு ஊர் போய்ச் சேர்ந்தது.

வர முடியாதவர்களைப் பற்றியும் எழுத வேண்டும். 2014 ஜூலை 8 அன்று பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்டியில் பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் நடந்த உலகக் கோப்பை அரையிறுதிக்கு முன்னால், பிரேசிலில் எல்லோரும் முதுகெலும்பில் அடிபட்டு வெளியேறிய நெய்மாரைப் பற்றியே பேசினார்கள். மஞ்சள் அட்டையால் தடைபெற்ற ஸ்டாப்பர் தியாகோ சில்வாவைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. ஜெர்மனியின் பெஞ்சிலிருந்து பார்த்தால் இரண்டாவது செய்திதான் இனித்திருக்கும் என்பது என் எண்ணம். முன்னால் ஒரு நட்சத்திரம் இல்லாத அணி குறைவாகக் கோல் போடும், பின்னால் வரிசையை அதட்டி நிறுத்துகிறவர் இல்லாத அணியோ சிதறிப்போகும். அன்று 29 நிமிடத்துக்குள் ஜெர்மனியின் ஐந்து கோல் விழுந்தது, முடிவு 7-1.

எதிரணியைப் பற்றி எழுதி வைப்பதற்கு உலகில் பேர்பெற்ற தாள் ஒன்று உண்டு. 2006 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் பெனால்டி வரை போனபோது, ஜெர்மன் கோல்கீப்பர் யென்ஸ் லேமன் ஒவ்வோர் உதைக்கு முன்னாலும் காலுறைக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துப் படித்தார். கோல்கீப்பர் பயிற்சியாளர் ஆந்த்ரெயாஸ் கோப்கே, ஹோட்டல் தாளில், அர்ஜென்டினாக்காரர்களில் யார் எந்தப் பக்கம் அடிப்பார் என்று எழுதிக் கொடுத்தது அது. அயாலாவின் உதையை லேமன் பிடித்தார். கடைசியாக வந்த காம்பியாசோவின் பெயர் அந்தத் தாளில் இல்லவே இல்லை. லேமன் வழக்கம்போல் எடுத்து நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார், அந்த உதையையும் தடுத்தார். ஜெர்மனி 4-2 என்று வென்றது. அவன் நம்மைப் படித்துவிட்டான் என்று எதிராளி நினைப்பதே பாதி வேலை செய்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். நம்மூர் பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரன் மளமளவென்று எழுதுவதைப் பார்த்து நமக்குக் கை நடுங்குவதில்லையா, அதுபோல.

இந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. 2019 ஜனவரியில் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் அணி, எதிரணியான டெர்பி கவுண்டியின் பயிற்சி மைதானத்துக்கு ஓர் ஆளை அனுப்பி எட்டிப் பார்த்தது வெளியே வந்து, இரண்டு லட்சம் பவுண்டு அபராதத்துக்கு ஆளானது. லீட்ஸ் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா பத்திரிகையாளர்களைக் கூட்டி, தாம் டெர்பியின் முந்தைய சீசன் ஆட்டங்கள் 51-ஐயும் அலசியிருப்பதைத் திரையில் போட்டே காட்டினார். அந்த ஜனவரி ஆட்டத்தில் லீட்ஸ்தான் வென்றது. ஆனால் அதே ஆண்டு மே மாதம், மேல் லீக்குக்கு ஏறும் வாய்ப்பு தொங்கிக்கொண்டிருந்த பிளே ஆஃப் அரையிறுதியில் டெர்பியே லீட்ஸை வெளியேற்றியது. 51 ஆட்டம் பார்த்தவரும் தோற்கிறார் என்பதால் பார்ப்பதே வீண் என்று ஆகிவிடாது. எதிரணியும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதை முன்னோட்டம் எழுதுகிறவர் மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர் 51 ஆட்டம் பார்க்க வேண்டியதில்லை. எதிரணி கடைசியாக வெளியூரில் ஆடிய இரண்டு ஆட்டம் போதும். நம் ஊருக்கு வந்து ஆடப்போகிறவர்கள் தங்கள் ஊரில் எப்படி ஆடினார்கள் என்பது நமக்குப் பாதிதான் பயன்படும். அந்த ஆட்டங்களைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுத்தவுடன் முதலில் யாரைத் தேடுகிறார் என்று பாருங்கள். பத்து முறை பார்த்தால் ஏழு முறை ஒரே பக்கம் போவதைக் காண்பீர்கள். அந்தப் பக்கம் அவர்களுக்கு நம்பிக்கையான பக்கம், எதிர்ப்பக்கத்தில் ஏதோ ஒரு குறை. கோல் வாங்கிய பிறகு வரும் ஐந்து நிமிடத்தையும் தவறாமல் பாருங்கள். சில அணிகள் அப்போது வெறிகொண்டு ஏறும், சில அணிகள் பந்தைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு மூச்சு வாங்கும்.

மைதானத்தையும் விட்டுவிடக் கூடாது. நம் பக்கத்தில் ஆடி மாதத்தில் ஒரு முன்னோட்டம் எழுதினால், காற்றுக்கு ஒரு வரி ஒதுக்காமல் எழுதுவது தப்பு. மலைக் கணவாய்களுக்குள் புகுந்து வரும் மேல்காற்று சுழற்றி அடிக்கும் சாயங்காலத்தில், காற்றுக்கு எதிரே அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தொடாமலே விழுவதை இங்கே ஆடிய எல்லோரும் கண்டிருப்பார்கள். டாஸ் வென்ற அணி எந்தக் கோலை நோக்கித் தாக்குவது என்று முடிவு செய்யலாம், அல்லது தானே பந்தைத் தொடங்கலாம். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தக் காற்றின் அருமை இடைவேளைக்குப் பிறகுதான் தெரியும். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து எழுதும்போது இந்த அறியாமையையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் அவர்கள் கண்ணுக்குத் தெரியாதது எது என்பதும் அவர்கள் பார்வையில் அடக்கம்.

வாத்தியார் அன்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னை அப்படியே விடவில்லை. அடுத்த பக்கத்தைக் காட்டி, "இப்ப நீ அந்த டீம் கோச்சு. நேத்து நம்ம ஆட்டத்தப் பாத்துட்டுப் போயிருக்க. நம்மளப் பத்தி அரப் பக்கம் எழுது" என்றார். நான் மைதானத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஃபார்வர்டுகளைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை வந்தது. கோல்கீப்பருக்கு உயரம் குறைவு என்பது வந்தது. பிறகு அவர்களுடைய ஏழாம் எண் எந்தப் பக்கம் ஓடுகிறவன், அந்தப் பக்கம் எங்களில் யார் நிற்கிறது என்று யோசித்தேன். பந்து வலப்பக்கம் இருக்கும்போது வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் ஆள் நுழைவதைக் கவனிக்காத இடது பேக் ஒருவன் எங்கள் அணியில் இருந்தான். சட்டை எண் மூன்று. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, என் எண்ணை எழுதி அதைச் சுற்றி வட்டம் போட்டேன்.